எதிரே வருபவருக்காக விளக்கைத் தாழ்த்துவோம்



ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிச் சாலையில் இரவுப் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. காவி உடுத்திய திருப்பயணிகள் பகல் வெயிலைத் தவிர்த்து, இருட்டில் சாலையோரமாக நடந்துகொண்டிருப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில், நோயில்பூசுதல் கொடுக்க உபதேசியாருடன் காரில் விரைந்துகொண்டிருந்தோம். ஓட்டியவர் நாமே. எதிரே ஒரு லாரி ஹைபீம் போட்டபடி வந்தது. இருமுறை டிம் செய்து காட்டினோம். லாரிக்காரர் தாழ்த்தவில்லை. கோபம் வந்தது. அவருக்குப் பாடம் புகட்ட நம் விளக்கையும் உயர்த்தினோம். லாரி கடந்ததும் கண்முன் வெறும் இருட்டு. "சாமி, ஆளு!" என்று உபதேசியார் கத்தினார். பிரேக்கை மிதித்தோம். வண்டி நின்ற இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில் ஒரு தாய், தோளில் தூங்கும் குழந்தையோடு நின்றிருந்தார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். கூசிய கண் தெளிய மூன்று நொடி ஆனாலும், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். பழிவாங்கப் போட்ட வெளிச்சத்தால் லாரிக்காரர் கண்ணும் கூசியது. நம் கண்ணும் தெளியவில்லை. இருவருக்கும் நடுவில் உயிர் தப்பியது ஒன்றும் அறியாத ஒரு குழந்தை.

வாகனம் செய்பவர்கள் இதைப் பற்றி நெடுங்காலமாக யோசித்து வருகிறார்கள். வளைவில் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் விளக்கை 1967-லேயே பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் தன் டி.எஸ். காரில் பொருத்தியது. இன்று சில கார்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது. எதிரே வண்டி வருவதைக் கண்டதும், முகப்பு விளக்கிலுள்ள பல சிறு எல்.இ.டி.களில் அந்த வண்டியை நோக்கியவை மட்டும் அணைகின்றன. சாலையின் மற்றப் பகுதிக்கு முழு வெளிச்சம். எதிரே வருபவர் கண்ணுக்கு மட்டும் நிழல்.

இதைக் கேட்டபோது மோசே நினைவுக்கு வந்தார். சீனாய் மலையிலிருந்து இறங்கியபோது அவர் முகம் ஒளிர்ந்தது. மக்கள் அருகே வர அஞ்சினார்கள். அவர் முகத்திரை இட்டுக்கொண்டார் என்கிறது விடுதலைப் பயண நூல். அந்த ஒளி கடவுள் தந்தது. அவர் அதை இழக்கவில்லை. எதிரே நின்றவர்களுக்காக மறைத்துக்கொண்டார்.

அந்தக் கேமரா பெரும்பாலும் பிற வண்டிகளின் விளக்கைத்தான் தேடுகிறது. விளக்கே இல்லாமல் நடந்து வருபவரைத் தேட வேண்டியது நம் கண், நம் மனச்சான்று.

ஆகவே, இன்றிரவு வண்டி எடுக்கும் நேயர்களே, விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். கண் கூசினால் வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரக் கோட்டைப் பாருங்கள். நடந்து செல்பவர்களே, ஒளியில் மின்னும் பட்டையொன்றை முதுகில் அணியுங்கள். எதிரே வருபவர் தாழ்த்தட்டும் என்று காத்திராமல், நாம் முதலில் தாழ்த்துவோம். வீட்டிலும் அப்படியே. நம் பக்கம் உண்மை இருக்கிறது என்பதற்காக, அதைப் பிள்ளைகளின் கண் கூசும்படி முகத்தில் அடிக்க வேண்டாம்.

அந்தத் தாயிடம் அன்று மன்னிப்புக் கேட்டோம். "சாமி, பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னார். அதே வார்த்தையை இன்று உங்களுக்கும் சொல்லி விடைபெறுகிறோம். பயணம் செய்யும் அனைவரையும் இறைவன் காப்பாராக. ஆமென்.