இரவுமுறையும் பேய்க்கதையும்



பத்தாம் ஆண்டு விழாவில் பேய்ப்படம் பற்றியா பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேய் தமிழுக்குப் புதிதன்று. செயங்கொண்டார் பேய்களைக் கொண்டு போர்க்களத்தில் கூழ் அடவைத்தார். புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யில் பேயின் நிழலை நடுவீட்டுக்குள் கொண்டுவந்தார். நான் பேச எடுத்துக்கொண்டது பேயைப் பற்றி அன்று. பேய் எதிர்ப்படும் நேரத்தில் விழித்திருந்து உழைப்பவனைப் பற்றி.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் இளமையில் நெசவாலையில் வேலை பார்த்தவர். 1970இல் ஒரு சிறுகதை எழுதினார். பழைய ஆலையொன்றின் நிலவறையைத் துப்புரவு செய்ய இரவுமுறைத் தொழிலாளர்கள் அனுப்பப்படுகிறார்கள். கீழே போகப் போக எலிகள் பெருத்துக்கொண்டே வருகின்றன. அக்கதை 1990இல் திரைப்படமாயிற்று. நள்ளிரவுப் பணிக்கு அவர்கள் மொழியில் 'இடுகாட்டுமுறை' என்று பெயர். அதுவே கதைக்கும் படத்துக்கும் தலைப்பு. உள்ளே சென்றவர்கள் திரும்பவில்லை. மேலே இருப்பவர்களும் விளக்கோடு வரிசையாய்ப் படியிறங்குகிறார்கள். கதை அங்கே முடிகிறது. நடுங்கவைப்பது எலியா, அந்த வரிசையா?

தமிழில் இதற்கு அண்மையில் வைத்து எண்ணத்தக்கது, கார்த்திக் சுப்புராஜ் இயக்கி 2012இல் வந்த 'பீட்சா'. விஜய் சேதுபதி ஏற்ற மைக்கேல், வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் கூலியாள். இரவில் ஒரு பங்களாவுக்குள் சென்று பேயிடம் அகப்பட்டதாக அவன் சொல்கிறான். கைவிளக்கின் சிறு வட்டத்துக்குள் நம்மையும் நிறுத்தி அச்சுறுத்துகிறது படம். பின்னர் உண்மை வெளிப்படுகிறது. முதலாளி கொடுத்தனுப்பிய பொதியில் வைரங்கள் இருந்தன. அவற்றை மறைக்கத் தொழிலாளி கட்டிய கதையே அந்தப் பேய்.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். தன் வறுமையை எடுத்துச் சொல்லியிருந்தால் எந்த முதலாளி செவிசாய்த்திருப்பார்? பேயைச் சொன்னான், நம்பினார். அவர் வீட்டிலும் பேய் பிடித்ததாக ஒரு மகள் இருந்தாள். முதலாளியின் அச்சமே கூலியாளின் கருவியாயிற்று. அவன் செய்தது திருட்டுத்தான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. படமும் அவனை விடுவதில்லை. இறுதியில் பீட்சாவோடு செல்லும் இன்னொரு வீட்டில், கட்டிய கதை மெய்யாகவே அவன்முன் நிற்கிறது.

நம்முடைய பாரதக் கதையில் பகாசுரன் வருகிறான். ஏகசக்கர நகரத்தார் அவனுக்கு முறைவைத்து வண்டிச் சோறும் ஓர் ஆளும் அனுப்பினார்கள். அவர்கள் வழக்கிலும் 'முறை', ஆலை வழக்கிலும் 'முறை'. அரக்கனைவிட அஞ்சத்தக்கது, அவனுக்கு ஆள் அனுப்புவது ஊர்வழக்கமாகிப் போனதுதான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவுப்பணிக்கு அமர்த்துவதைத் தடுத்தது. 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கி, தக்க பாதுகாப்புகளோடு அவர்களும் இரவில் பணியாற்றலாம் என்றது. இரவில் உழைப்போர்க்கு அச்சம் உண்டென்பதைச் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. கவிதை எண்ணிப் பார்த்ததா?

நம் கவியரங்குகளில் நிலவு வராத இரவு உண்டா? ஆனால் பென்னாகரம் காட்டோரத்தில், யானைக்கு அஞ்சிப் பரணில் கண்விழித்துக் கொல்லை காப்பவனுக்கு நிலவு அழகுப்பொருள் அன்று. இருளில் அசைவது பாறையா, யானையா என்று காட்டும் விளக்கு. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வலை விரித்துப் பரிசலில் காத்திருப்பவனுக்கும், திருப்பூரில் தறியின் முன்னோ தையல் பொறியின் முன்னோ நிற்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இரவு வேறு. சங்கப் புலவர் தினைப்புனக் காவலைப் பாடினர். காவலுக்கு நின்றவர் அச்சத்தை நாம் பாட வேண்டாவா?

பகாசுரனைக் கொன்றவன் பீமன். ஆனால் பக்கத்து அறையில் எழுந்த அழுகையை முதலில் கேட்டு, என்னவென்று போய் வினவியவள் குந்தி. பீமன் செய்த வேலை எல்லாராலும் ஆகாது. குந்தி செய்தது கவிஞனால் ஆகும்.

பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் அந்தச் செவியோடு நடக்கட்டும்.