அறுவைப் புண்ணில் குடல்நீர் கசிந்தால்

குடலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, ஒரு வாரம் பத்து நாளில், தையல் வழியாகப் பச்சையும் மஞ்சளுமாக நீர் கசியும். அது வெறும் சீழ் அல்ல. குடலுக்குள் ஓடவேண்டிய செரிமான நீர். உள்ளே தைத்த இடம் விட்டுப்போனதால் தோல்வரை வழி செய்துகொண்டு வருகிறது. இதைக் குடல் ஃபிஸ்டுலா என்பார்கள். நாம் அறிந்த பவுத்திரம் வேறு. இது அதைவிட ஆபத்தானது. 1960இல் அமெரிக்க மருத்துவர்கள் இத்தகைய 157 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இறந்துபோயிருந்தார்கள். இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆகவே மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்ப்போம் என்று காத்திராமல், அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

"இதை மூட ஊசி இருக்கிறதாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி இருக்கிறது, ஆனால் அது ஓட்டையை மூடுவதில்லை. செரிமான நீர் சுரப்பதை அடக்கும் சொமட்டோஸ்டாடின் என்ற பொருள் நம் உடம்பிலேயே உண்டு. 1973இல் அதைக் கண்டறிந்தார்கள். இரத்தத்தில் அது சில நிமிடமே நிற்கும். அதே வேலையை நெடுநேரம் செய்யும்படி ஆக்கிய மருந்துதான் ஆக்ட்ரியோடைட். வழக்கமாக நாளுக்கு மூன்று வேளை தோலுக்கடியில் போடுவார்கள். தண்ணீர் பாயும் குழாயில் சிமெண்டு நிற்குமா? பாய்ச்சலைக் குறைத்தால் நிற்கும். அப்படித்தான் இதுவும். எல்லாருக்கும் இது பயன்படுவதில்லை. சிலருக்கு இரத்தச் சர்க்கரை ஏறும் அல்லது இறங்கும்; இனிப்புநீர் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருந்தைவிட முந்தியவை உள்ளே தேங்கிய சீழை அகற்றுவதும், உடம்புக்குச் சத்து ஏற்றுவதும். இவை சரியாக நடந்தால் பலருக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் மறு அறுவையின்றியே புண் மூடிக்கொள்ளும்.

கூலிம் வட்டாரத்தில், 1996இல் திறந்த ஹைடெக் பூங்காவுக்குப் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டால், நோயாளிக்குத் துணை பாட்டிதான். தாகம் என்றால் மனசு கேட்காமல் செம்பு செம்பாகப் பச்சைத்தண்ணீர் கொடுப்பார். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் கசியும்போது, வெறும் தண்ணீர் உடம்பின் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும், தாகமும் தீராது. மருத்துவர் சொன்ன உப்புச்சர்க்கரைக் கரைசலை, சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். பையில் சேர்ந்த நீரை அளந்து குறித்து வையுங்கள். அந்த நீர் தோலையே அரித்துவிடும். பை கசிந்தால் உடனே மாற்றுங்கள். காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், இரவு என்று பாராமல் புறப்படுங்கள்.