கட்டில் தயார் என்று அழைப்பு வரும்போது

(சபையின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு, நம்முடைய வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் பேசுகிற தலைப்பு. நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தால் அங்கே என்ன நடக்கும்? அதைப்பற்றித்தான் பேசப்போகிறேன்.

1983க்குப் பிறகு முப்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இந்தச் சபையில் கதிரை அடுக்கியவர்கள், ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவர்கள், கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடியவர்கள் இன்று கைத்தடியோடு வருகிறார்கள். சிலர் வருவதே இல்லை. ஆகவே இது யாரோ ஒருவருடைய வீட்டுக் கதையல்ல.

ஊரில் கைதடியில் அரச முதியோர் இல்லம் இருந்தது. அங்கே போகிறவர்கள் யாருமற்றவர்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்தோம். அந்த நினைப்பையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கனடாவுக்கு வந்துவிட்டோம். அதனால் பெற்றோர் "என்னைத் தள்ளிவிடப் போகிறார்கள்" என்று பயப்படுகிறார்கள். பிள்ளைகள் "சனம் என்ன சொல்லும்" என்று பயப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் வாய் திறக்காமல் இருக்க, ஒருநாள் அம்மா குளியலறையில் விழுந்துவிடுவார். அதன்பின் எல்லாம் அவசரத்தில் நடக்கும். அந்த அவசரம் வருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. ஓய்வுகால இல்லம் வேறு, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் வேறு. ஓய்வுகால இல்லத்தில் முழுச் செலவும் நம்முடையது. வாடகை வீடு போல நாமே பார்த்துப் போகலாம். நீண்டகாலப் பராமரிப்பு இல்லம், இரவு பகலாகத் தாதியின் உதவி தேவைப்படுகிறவர்களுக்கானது. அங்கே தாதிச் சேவைக்கான செலவை ஒன்ராறியோ அரசு ஏற்கிறது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாம் கட்டணம் செலுத்துகிறோம். அதற்கு நேரே போய் இடம் கேட்க முடியாது. "ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம்" என்ற அரச அமைப்பின் ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 310-2222. ஓர் இணைப்பாளர் வந்து நிலைமையை மதிப்பிடுவார். சாதாரணமாக ஐந்து இல்லங்கள் வரை தெரிவு செய்யலாம்.

நமது பீல் பிராந்தியத்தில், பிராந்திய நிர்வாகமே ஐந்து இல்லங்களை நடத்துகிறது. அவற்றில் மால்டன் வில்லேஜ், ஷெரிடன் வில்லா ஆகிய இரண்டும் மிசிசாகாவில் உள்ளன. சீன சமூகத்தவர் தொடங்கிய யீ ஹொங் நிலையத்துக்கும் இந்நகரில் ஓர் இல்லம் உண்டு. தம்முடைய முதியோர் தம்முடைய மொழியிலும் தம்முடைய சாப்பாட்டிலும் வாழவேண்டும் என்று ஒரு சமூகம் எண்ணினால் என்ன செய்யலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். இல்லங்களைத் தெரிவு செய்யுமுன் நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பு மண்டபத்தின் அழகைவிட மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கவனியுங்கள். ஊட்டிவிடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு அவசரமாக ஊட்டுகிறாரா என்று பாருங்கள். அந்த ஒரு காட்சியிலேயே பாதி விளங்கிவிடும்.

காத்திருப்பு மாதக்கணக்கிலும் போகும், வருடக்கணக்கிலும் போகும். ஆனால் கட்டில் கிடைத்துவிட்டது என்று அழைப்பு வந்தால், பதில் சொல்ல 24 மணிநேரந்தான். ஏற்றுக்கொண்டால் ஐந்து நாட்களுக்குள் போகவேண்டும். நாமே தெரிவு செய்த இல்லத்தை மறுத்தால் விண்ணப்பம் மூடப்பட்டு, எல்லாக் காத்திருப்புப் பட்டியல்களிலிருந்தும் பெயர் எடுக்கப்படும். உடல்நிலை பெரிதாக மாறினாலொழிய 12 வாரங்கள் கழித்தே மீண்டும் விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்திலுள்ள அண்ணனையும் அவுஸ்திரேலியாவிலுள்ள தங்கையையும் கேட்டு முடிவெடுக்க ஒருநாள் போதாது. ஆகவே அந்தப் பேச்சு இப்போதே நடக்கட்டும். இன்னொன்று: முதலில் கிடைத்த இல்லத்துக்குப் போனாலும், நீங்கள் அதிகம் விரும்பிய இல்லத்தின் பட்டியலில் தொடர்ந்து இருக்கலாம்.

மூத்தோரே, இதைக் கவனமாகக் கேளுங்கள். முடிவெடுக்கும் ஆற்றல் உங்களுக்கு இருக்கும்வரை சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பிள்ளைகள் உங்களுக்காகக் கையெழுத்திட முடியாது. ஆற்றல் இல்லாமற்போனால் யார் பேசவேண்டும் என்பதை, தனிப்பட்ட பராமரிப்புக்கான அதிகாரப் பத்திரம் ஒன்றில் நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது நிலைமை வேறு. 2022இல் வந்த சட்டத்தின்படி, மருத்துவமனைச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று வைத்தியர் சொன்னபின், நீங்கள் தெரிவு செய்யாத இல்லத்துக்கும் விண்ணப்பம் அனுப்பப்படலாம். தென் ஒன்ராறியோவில் அது 70 கிலோமீற்றர் தூரம்வரை இருக்கலாம். மறுத்து அங்கேயே தங்கினால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படலாம். ஆகவே மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டு முடிவெடுக்கும் நிலைக்கு வராமல், வீட்டு மேசையில் இருந்து முடிவெடுப்பது நல்லது.

பணத்தைப்பற்றி. 2024 ஜூலை 1 முதல் சாதாரண அறைக்கான மாதக் கட்டணம் 2,036.40 டொலராக இருந்தது. தனி அறைக்கு 2,909.36 டொலர். ஜூலையில் இது மாற்றப்படுவது வழக்கம். ஓய்வூதியம் மட்டும் உள்ளவர் இதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். வருமானம் குறைந்தவருக்குச் சாதாரண அறைக் கட்டணத்தில் கழிவு உண்டு. அதற்கு வருமான வரிப் பத்திரம் ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிக்க வேண்டும். தம்பதியரில் ஒருவர் இல்லத்திலும் மற்றவர் வீட்டிலும் இருந்தால், அதை ஓய்வூதிய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். குறைந்த வருமானத்தவருக்கான உதவிப்பணம் அதனால் கூடலாம். முடி வெட்டுதல், பாதப் பராமரிப்பு, தொலைபேசி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தனிச் செலவு உண்டு.

இனி, போன பிறகு என்ன நடக்கும்? உடுப்புகள் எல்லாவற்றிலும் பெயர் ஒட்டப்படும். 48 மணிநேரத்துக்குள் அதைச் செய்வது இல்லத்தின் கடமை. துணி இயந்திரத்தில் சூடாகக் கழுவப்பட்டுச் சூடாக உலர்த்தப்படும். ஆகவே காஞ்சிபுரம் சேலையும் தங்கச் சங்கிலியும் வீட்டில் இருக்கட்டும். கழுவித் தாங்கும் பருத்தி உடுப்பு, வழுக்காத சப்பாத்து, குடும்பப் படம், பெரிய எழுத்து வேதாகமம், பாட்டுப் புத்தகம், அம்மா போர்த்துப் பழகிய போர்வை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பொதுவாக மாத்திரைகளை அறையில் வைத்திருக்க முடியாது, தாதிதான் தருவார். சித்தாலேபக் குப்பியைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைக்கிற மூத்தோரே, அதையும் தாதியிடம் சொல்லத்தான் வேண்டும்!

மூன்று நேரச் சாப்பாடும் இடையில் குடிபானமும் சிற்றுண்டியும் உண்டு. கிழமைக்குக் குறைந்தது இரண்டு தடவை குளிப்பாட்ட வேண்டும் என்பது விதி. தினமும் தலை முழுகிப் பழகியவருக்கு இது குறைவாகத் தெரியும். குளிக்கிற முறையைத் தெரிவுசெய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. வாளியும் குவளையும் வேண்டுமென்றால் கேட்டுப் பாருங்கள். பதிவுபெற்ற தாதி ஒருவராவது எந்நேரமும் கடமையில் இருக்கவேண்டும். வைத்தியர் தினமும் வரமாட்டார். மணி அடித்த உடனே ஒருவர் ஓடிவருவார் என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு பணியாளர் பலரைப் பார்க்கிறார், காத்திருக்க நேரும்.

சாப்பாடு ஊர்ச் சாப்பாடாக இராது. வீட்டிலிருந்து கொண்டுபோகலாம். ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு மசித்த உணவுதான் பாதுகாப்பு. ஆசையோடு கொடுக்கும் ஒரு துண்டு இறைச்சி தொண்டையில் இறுகிவிடலாம். தாதியைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

முதல் ஆறு வாரங்கள்தான் கடினம். அந்த ஆறு வாரத்துக்குள் தாதி, உணவு நிபுணர் போன்றவர்களோடு குடும்பத்தவரும் இருந்து பேசும் பராமரிப்புக் கூட்டம் ஒன்று நடக்கவேண்டும். தவறாமல் போங்கள். "அம்மா காலையில் செபித்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார், ஆண் பணியாளர் குளிப்பாட்டினால் கூச்சப்படுவார், இரவில் வெளிச்சம் வேண்டும்" என்று சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? மறதி நோய் வந்தால் பிற்காலத்தில் படித்த ஆங்கிலம் முதலில் மங்கலாம்; தமிழ் நிற்கலாம். ஆகவே தண்ணீர், நோகுது, குளிருது, கழிப்பறை போன்ற பத்துச் சொற்களைத் தமிழிலும் ஆங்கில உச்சரிப்பிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மால்டன் வில்லேஜில் 2017இல் "வண்ணத்துப்பூச்சி" என்ற முறையைத் தொடங்கினார்கள். சுவருக்கு நிறம் பூசி, வேலையைப் பட்டியல்போல் முடிப்பதைவிட மனிதரோடு உட்கார்ந்து பேசுவதற்கு முதலிடம் கொடுத்தார்கள். பணியாளரின் மனம் மாறினால் அதே கட்டடம் வேறு வீடாகிவிடும்.

"என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று அவர் அழுவார். "இதுதான் உங்கள் வீடு" என்று வாதிட வேண்டாம். அவர் கேட்பது மிசிசாகா வீடாகவே இராது. கிணற்றடியும் வேம்பும் இருந்த வீடாக இருக்கலாம். "அந்த வீட்டு முற்றத்தில் என்ன மரம் நின்றது அம்மா?" என்று கேளுங்கள். பேசப் பேச அழுகை அடங்கும்.

இல்லத்துக்குப் போனால் வெளியே வரமுடியாது என்றும் எண்ண வேண்டாம். உடல்நிலை இடங்கொடுத்தால் கிழமைக்கு 48 மணிநேரம்வரை வெளியே தங்கலாம். அதற்குமேல் விடுமுறையாக வருடத்துக்கு 21 நாட்களும் உண்டு. கிறிஸ்மஸ் இரவை வீட்டில் கழிக்கலாம். ஞாயிறு ஆராதனைக்கும் வரலாம். 2022இல் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புச் சட்டத்தில் வாசிகளின் உரிமைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. மரியாதையோடு நடத்தப்படுவதும், தம் விசுவாசத்தைக் கைக்கொள்வதும், தம் பொருட்களை அறையில் வைத்திருப்பதும் அதில் அடங்கும். குறை இருந்தால் முதலில் இல்லத்தில் சொல்லுங்கள். தீராவிட்டால் அமைச்சின் இலக்கம் 1-866-434-0144. முறைப்பாடு செய்ததற்காக அம்மாவை மோசமாக நடத்துவதைச் சட்டம் தடைசெய்கிறது.

சின்னப் பிள்ளைகளே, இப்போது உங்களோடு பேசுகிறேன். அம்மம்மாவையோ அப்பப்பாவையோ பார்க்கப் போனால் அங்கே சக்கர நாற்காலிகள் இருக்கும். யாராவது சத்தமாகக் கூப்பிடுவார்கள். ஒருவர் உங்களைத் தன் பேரப்பிள்ளை என்று நினைத்துக் கையைப் பிடிப்பார். பயப்படாதீர்கள், சிரித்து வணக்கம் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் போதும். ஒரு படம் வரைந்து கொண்டுபோங்கள், ஓய்வுநாள் பாடசாலையில் படித்த பாட்டைப் பாடுங்கள். "சின்ன வயதில் என்ன விளையாடினீங்கள்?" என்று கேளுங்கள். தடிமன் இருந்தால் மட்டும் அன்றைக்குப் போகவேண்டாம். உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகளே, உங்களுக்கு 40 மணிநேரச் சமூக சேவை தேவை. அதை ஏன் இப்படியான ஓர் இல்லத்தில் தமிழ் பேசும் ஒருவரின் பக்கத்தில் இருந்து செய்யக்கூடாது?

பிள்ளைகளாகிய நடுவயதினரே, தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது என்பது எல்லாவற்றையும் நம் கையாலேயே செய்வதென்று பொருள்படாது. சிலுவையில் தொங்கிய நேரத்திலும் இயேசு தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். பாரத்தைப் பகிர்ந்துகொள்வது கைவிடுவதாகாது. ஒப்படைத்தபின் போய்ப் பார்க்காமல் விடுவதுதான் கைவிடுதல்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் இல்லத்துக்குப் போன முதல் மாதம் பூங்கொத்தோடு எல்லோரும் போகிறோம். ஆறாம் மாதம் யாருமில்லை. இந்த ஆண்டிலிருந்து, இல்லத்தில் இருக்கும் நம் ஒவ்வொரு அங்கத்தவருக்கும் இரண்டு குடும்பங்களைப் பொறுப்பாக வைப்போம். ஒரு வாரம் ஒருவர், மறுவாரம் மற்றவர். மாதம் ஒருமுறை திருவிருந்து அவருடைய கட்டிலடிக்குப் போகட்டும். அங்கத்தவர் பட்டியலில் அவருடைய பெயர் எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

யாக்கோபு எகிப்துக்குப் புறப்பட்டபோது 130 வயது. மகன் அனுப்பிய வண்டியில், தெரியாத மொழி பேசும் தேசத்துக்குப் போகிறார். வழியில் பெயெர்செபாவில் தங்கித் தேவனுக்குப் பலியிடுகிறார். பயப்பட வேண்டாம், நானும் உன்னோடு வருகிறேன் என்ற உறுதி அங்கே அவருக்குக் கிடைத்தது. பிறகு அந்தத் தேசத்தில் 17 வருடங்கள் வாழ்ந்தார். தம் பேரப்பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். முதுமையில் இடம் மாறியவருக்கும் கொடுப்பதற்கு ஆசீர்வாதம் மிச்சம் இருந்தது. நம் மூத்தோரிடமும் அது இருக்கிறது. பெற்றுக்கொள்ள நாம் போகவேண்டும்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.