ஆயாவோட அவரை விதை: கார்த்திகையில் ஒரு மொட்டைமாடித் தோட்டம்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

காஞ்சிபுரம் பக்கத்துல ஏனாத்தூர்ல, எங்க வீட்டு மொட்டைமாடியில உட்கார்ந்து பேசுறேன். பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டா அது எதிர்வீட்டுச் சேவல், மன்னிச்சிடுங்க. கார்த்திகை பிறந்தாச்சு. நேத்து ராத்திரி வரைக்கும் மழை. இன்னைக்குக் காலையில வெயில் எட்டிப் பார்க்குது. விதையைப் பத்திப் பேசுறதுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

பாட்டிலில் மிஞ்சிய ஆறு

எங்க அம்மாவோட அம்மாவை நாங்க ஆயான்னுதான் கூப்பிடுவோம். பிள்ளையார்பாளையத்துல நெசவு வீடு. தறியில உட்கார்றது தாத்தா. தார் சுத்துறது, பழைய பாவோட நுனியில புதுப் பாவு இழையை ஒவ்வொண்ணா பிணைக்கிறது எல்லாம் ஆயா. ஐப்பசி, கார்த்திகை வந்தா அந்தத் தெருவுல வேலை மந்தமாயிடும். மழையில தெருவுல பாவு நீட்ட முடியாது, குழித்தறியில ஈரம் ஏறிடும். அந்த நாள்லதான் ஆயா கொல்லைப்பக்கமே கதின்னு இருப்பாங்க. கிணத்தடியில ஒரு பந்தல், அதுல ஒரு அவரைக்கொடி. பொங்கல் குழம்புக்கு அந்தக் கொடியில இருந்துதான் காய் வரும். கடையில வாங்கினதா எனக்கு ஞாபகமே இல்லை.

ஆயா தவறினதுக்கு அப்புறம் அந்த வீட்டைக் காலி பண்ணும்போது அம்மா ஒரு பாட்டிலை எடுத்துட்டு வந்தாங்க. அடியில சாம்பல், மேல அவரை விதை. அதை அலமாரியில வெச்சுட்டு நாங்க எல்லாரும் மறந்துட்டோம். ரெண்டு வருஷம் கழிச்சு, போன வருஷம் ஆடியில திறந்து பார்த்தேன். அறுபது, எழுபது விதை இருக்கும். எல்லாத்துலயும் குண்டூசி அளவு ஓட்டை. வண்டு தின்னு தீர்த்துட்டு பாட்டிலுக்குள்ளேயே செத்துக் கிடக்குது. தட்டுல கொட்டி ஒண்ணொண்ணா பொறுக்கினேன். ஓட்டையில்லாத விதை ஆறு.

அந்த ஆறையும் ஒரே தொட்டியில போட்டேன். இப்போ நினைச்சா முட்டாள்தனம். ரெண்டு முளைச்சுது, கொடி வீசவும் ஆரம்பிச்சுது. ஐப்பசியில ஒரு வாரம் வேலை விஷயமா நான் சென்னைக்குப் போயிட்டேன். இங்க அடைமழை. தொட்டியோட அடி ஓட்டையில மண் அடைச்சு தண்ணி தேங்கிடுச்சு. திரும்பி வந்து தொட்டுப் பார்த்தா ரெண்டு கொடியும் அடித்தண்டு அழுகி கையோட வருது.

அம்மா ஒண்ணும் சொல்லல. "போனது போகட்டும்"னு ஒரு வார்த்தை. அதுக்கு அப்புறம் அன்னைக்கு முழுக்க பேசவே இல்லை.

கொடுத்து வெச்ச விதை

பத்து நாள் கழிச்சு அம்மாவுக்கே ஒரு யோசனை வந்துச்சு. ஆயா வருஷா வருஷம் தெருவுல நாலு வீட்டுக்கு விதை கொடுப்பாங்க. போய்க் கேட்டா என்ன? போனோம். மூணு வீட்டுல தோட்டமே இல்லை, சிமென்ட் போட்டாச்சு. நாலாவது வீட்டு அத்தை, சொந்தம் இல்லை, தெருப் பழக்கத்துல அத்தை, உள்ளே போய் ஒரு துணி முடிச்சோட வந்தாங்க. "உங்க ஆயா கொடுத்ததுதாம்மா. வருஷம் தவறாம போட்டுக்கினுதான் இருக்கேன். எடுத்துக்கினு போ, ஆனா காய்ச்சா திருப்பிக் கொடுத்துடணும்." என் கையில ஒரு பிடி விதை.

இந்த 'திருப்பிக் கொடுக்கணும்' சும்மா பேச்சுக்குச் சொல்றது இல்லை. நெல் ஜெயராமன் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல 2006-ல் இருந்து நெல் திருவிழா நடத்தினவர். நம்மாழ்வார் ஐயாவோட சேர்ந்து வேலை செஞ்சவர். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். 2018 டிசம்பர்ல காலமானார். அவரோட ஏற்பாடு ரொம்ப எளிமை: விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் இலவசம், அடுத்த வருஷம் அவர் 4 கிலோவா திருப்பித் தரணும். அது இன்னும் ரெண்டு பேருக்குப் போகும். எல்லா விதையையும் ஒரே இடத்துல பூட்டி வெச்சா ஒரு வண்டு போதும், ஒரு மழை போதும். அதை நான் பாட்டில்லயும் பார்த்தேன், தொட்டியிலயும் பார்த்தேன்.

சட்டமும் இதுக்கு இடம் கொடுக்குது. 2001-ல் வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தோட 39-வது பிரிவுப்படி, விவசாயி தன்னோட விதையைச் சேமிக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கக்கூடச் செய்யலாம். பிராண்ட் பேர் போட்டு விக்கிறதுக்குத்தான் தடை.

குளிர்காலத்துல என்ன விதைக்கிறது?

குளிர் நாடுகள்ல 'குளிர்கால விதைப்பு'ன்னு ஒண்ணு உண்டு. பால் கேனைப் பாதியா வெட்டி, மண் போட்டு, விதை தூவி, மூடி, பனியிலயே வெளிய வெச்சுடுவாங்க. சில விதைகளுக்கு அந்தக் குளிர் பட்டாதான் தூக்கம் கலையும். வசந்தம் வந்ததும் தானா முளைக்கும்.

நமக்குப் பனின்னா மார்கழிப் பனிதான். கோலம் போட வாசலுக்கு வரும்போது மூக்குல ஏறுமே, அவ்வளவுதான். ஆனா நம்ம தோட்டத்துக்கு வருஷத்துலயே சுகமான காலம் அது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' பழமொழி எல்லாருக்கும் தெரியும். அதுக்கு அப்புறம் கார்த்திகையும் இருக்கு, தைப்பட்டமும் இருக்கு. மொட்டைமாடிக்காரங்களுக்கு நான் கார்த்திகையைத்தான் சொல்வேன். வெயில் கொளுத்தாது, தண்ணி குறைவா போதும், பங்குனி வெயில் வர்றதுக்குள்ள அறுவடை முடிஞ்சிடும்.

முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயக்கீரை, கொத்தமல்லி இதெல்லாம் நேரா தொட்டியிலயே விதைக்கலாம். கொத்தமல்லியை மட்டும் உள்ளங்கையில வெச்சு லேசாத் தேய்ச்சு ரெண்டா உடைச்சுக்கோங்க. அந்த ஒரு உருண்டைக்குள்ள ரெண்டு விதை இருக்கு. தக்காளி, கத்தரி, மிளகாயை நாத்து விட்டு எடுத்து நடணும். நாத்துத் தட்டை மழை நேரா அடிக்காத இடத்துல, சன்ஷேடுக்குக் கீழ வைங்க. இந்த மாசத்துல நாத்து சாகுறதுக்கு முக்கியக் காரணம் ஈரம் அதிகமாகி அடித்தண்டு அழுகுறதுதான். மார்கழியில மழை விட்டதும் எடுத்து நடலாம். முதல்ல தொட்டி ஓட்டையைக் குச்சி விட்டுப் பாருங்க. நான் பட்டது போதும்.

விதைக்கு உயிர் இருக்கான்னு தெரிஞ்சுக்க, பத்து விதையை ஈரத்துணியில சுருட்டி வைங்க. ஒரு வாரத்துல ஏழு முளைச்சா தாராளமா விதைக்கலாம். நாலுதான் முளைச்சுதுன்னா ரெண்டு பங்கா விதைங்க. இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கோவில்ல பிரம்மோற்சவம் தொடங்குறதுக்கு முன்னாடி பாலிகையில நவதானியம் தெளிப்பாங்க, அங்குரார்ப்பணம்னு பேரு. கல்யாணத்துலயும் பாலிகை தெளிக்கிறது உண்டு. காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு வைகாசியில வரதர் கோவில் கருடசேவை தெரியும், அதுக்கு முன்னாடி முளை விடுற அந்தக் கிண்ணங்களைப் பத்தி அவ்வளவா யோசிக்கிறது இல்லை.

விதை எடுக்கிறது எப்படி?

முதல் விஷயம், நீங்க வாங்கின பாக்கெட்ல 'எஃப்1' இல்லேன்னா 'ஹைப்ரிட்'னு போட்டிருந்தா, அதுல இருந்து எடுக்கிற விதை தாய் மாதிரியே வராது. முளைக்கும், காய்க்கும், ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். விதை சேர்க்கணும்னா நாட்டு ரகத்துல ஆரம்பிங்க. வேலூர் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரி மாதிரி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கத்தரி அது.

கத்தரியை விதைக்கு விடும்போது பறிக்காதீங்க. செடியிலயே பழுத்து மஞ்சளாகணும். வெண்டை முத்தி, காய்ஞ்சு, ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம் வரணும். தக்காளியில விதையைச் சுத்தி ஒரு வழவழப்பு இருக்கும், அதுதான் பழத்துக்குள்ள விதை முளைக்காம தடுக்குது. சதையோட டம்ளர்ல பிழிஞ்சு, ரெண்டு மூணு நாள் புளிக்க விட்டு, அலசி, தட்டுல காய வைங்க. நாத்தம் அடிக்கும், ஹவுஸ் ஓனர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

பூசணி, சுரை, பீர்க்கு இதுல எல்லாம் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீயும் அந்துப்பூச்சியும் பக்கத்து வீட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்து போட்டுடும். பூ விரியறதுக்கு முன்னாடி பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் நூலால லேசாக் கட்டணும். விரியற நேரத்துல அவிழ்த்து, நீங்களே மகரந்தம் தடவி, மறுபடி பெண் பூவைக் கட்டிடணும். பூசணி காலையில பூக்கும், சுரையும் பீர்க்கும் சாயங்காலம். எங்க வீட்டுல கட்டுறதுக்கு கழிவுப் பட்டு நூல். கலந்து வந்த விதையில விளைஞ்ச சுரைக்காய் கசந்தா மட்டும் தயவுசெஞ்சு சாப்பிடாதீங்க, உடம்புக்கு ஆகாது.

காய வைக்கிறது நிழல்ல. விதையில ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா ஆயுள் சுமாரா ரெண்டு மடங்காகும்னு விதை அறிவியல்ல ஒரு கணக்கு உண்டு. ஆயாவோட சாம்பலும், கூரையில தொங்கின சுரைக்குடுக்கையும், சுவத்துல சாணியோட தட்டி வெச்ச பூசணி விதையும் அந்தக் கணக்குதான். அப்புறம் ஏன் எங்க பாட்டில்ல வண்டு வந்துச்சு? வண்டு வயல்லயே, காய்மேல முட்டை வெச்சுடும், விதையோட சேர்ந்தே பாட்டிலுக்குள்ள வந்துடும். ஆயா இருந்தவரைக்கும் அடிக்கடி எடுத்து வெயில் காட்டி, வேப்பிலை மாத்தி வெச்சாங்க. நாங்க பாட்டிலைத் தொடவே இல்லை. இப்போ நான், விதை நல்லா காய்ஞ்சதும், காத்துப் புகாத டப்பாவுல போட்டு நாலஞ்சு நாள் ஃப்ரீசர்ல வைக்கிறேன். வெளிய எடுத்ததும் உடனே திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லேன்னா விதை வேர்த்துடும். மேல ரகம், மாசம், யார் கொடுத்தாங்கன்னு எழுதி ஒட்டிடுறேன்.

வெள்ளைப் பூ

சரி, அத்தை கொடுத்த விதை என்ன ஆச்சு? போன கார்த்திகையில ஒரு அஞ்சு விதை போட்டேன், மீதியை எடுத்து வெச்சேன். அஞ்சும் முளைச்சுது. நாட்டு அவரை பகல் பொழுது குறையறதைப் பார்த்துத்தான் பூக்கும். ஆடியில போட்டா பந்தல் முழுக்க ஏறிட்டு அப்புறம் பூக்கும். கார்த்திகையில போட்டதால அதுக்கு ஏறவே நேரம் இல்லை. தை மாசம் என் இடுப்பு உயரத்துலயே பூத்துடுச்சு.

அம்மா மாடிக்கு வந்து பார்த்தாங்க. முகம் மாறிடுச்சு. நாலு கொடியில ஊதாப் பூ. "இது ஆயாவோடது இல்லைடா. ஆயாவோடது வெள்ளை." எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய்க்கும், ஆனா தேனீ கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். அத்தை வீட்டுப் பக்கத்துல எந்தக் காலத்துலயோ ஒரு ஊதாக்கொடி இருந்திருக்கணும்.

அஞ்சாவது கொடி ஓரத்துல, மத்ததைவிடச் சின்னதா, ரெண்டு நாள் தாமதமாப் பூத்துச்சு. வெள்ளை.

பழைய கொசுவலையை வெட்டி அந்தக் கொடிக்கு மட்டும் பை மாதிரி தைச்சு மாட்டினேன். ஊதாக்கொடிக் காயைக் குழம்பு வெச்சோம். வெள்ளையில ஒரு காய்கூடப் பறிக்கலை. பங்குனியில நெத்தாக் காய்ஞ்சதும் உரிச்சேன், 38 விதை. பழுப்பு நிறம், ஓரத்துல அந்த வெள்ளைக் கோடு. அம்மா கையில வாங்கி எண்ணினாங்க, மறுபடி எண்ணினாங்க.

இந்த ஆடியில அதுல பத்து விதை போட்டேன். இப்போ பத்துமே பூத்தாச்சு. ஒன்பது வெள்ளை, ஒண்ணு ஊதா. நான் வலை கட்டுறதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு பூவுல தேனீ உட்கார்ந்திருக்கும். அந்த ஊதாக் கொடியைப் பிடுங்கி எடுத்தாச்சு. வர்ற தையில அத்தை கொடுத்ததை ரெண்டு பங்கா கொண்டுபோய்க் கொடுக்கணும். எது வெள்ளைன்னு டப்பா மேல எழுதித்தான் கொடுப்பேன்.

உங்க வீட்டுலயும் ஏதாவது ஒரு பாட்டில், துணி முடிச்சு, கிழிஞ்ச கவர் இருக்கலாம். இந்த வாரம் அம்மாகிட்ட, ஆயாகிட்ட, பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. இருந்தா எல்லாத்தையும் ஒரே தொட்டியில போட்டுடாதீங்க. பாதியை எடுத்து வைங்க, ஒரு பிடியை வேற யாருக்காவது கொடுத்து வைங்க. பால்கனி சின்னதுன்னா ஒரு தொட்டி வெந்தயக்கீரை போதும். அதுலயும் நாலு செடியைப் பறிக்காம விட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். மறுபடி தூறல் ஆரம்பிச்சிடுச்சு, நான் போய் நாத்துத் தட்டை உள்ளே எடுத்து வைக்கிறேன்.