தொட்டாச்சிணுங்கியும் தொட்ட கையும்



வகுப்பில் எழுந்து பதில் சொல்லக் கூசுகிற பிள்ளைக்கும், ஒரு சொல்லுக்கே கண் கலங்குகிறவருக்கும் நாம் கொடுக்கும் பட்டம் ஒன்றுதான்: தொட்டாச்சிணுங்கி! பட்டம் கொடுக்கிறோமே, அந்தச் செடியைச் சரியாகப் பார்த்திருக்கிறோமா?

மல்லாட்டைக் கொல்லை வரப்பில் தரையோடு படர்ந்து கிடக்கும். பூ, இளஞ்சிவப்புப் பஞ்சு உருண்டை. தண்டைப் பிடித்துப் பாருங்கள், முள் குத்தும்! அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி இது. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'மிமோசா புடிகா' என்று பெயரிட்டார். புடிகா என்றால் நாணமுள்ளவள். அந்தப் பெயரிலும் இதே பட்டம்தான்!

ஆனால் அது நாணமா? தொட்டதும் இலைக்காம்படிப் புடைப்பின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. விறைப்புப் போய் இலை மடிகிறது. மேய வரும் ஆடுமாட்டிடமிருந்து தப்பிக்கிற வழி என்கிறார்கள். ஆபத்து விலகினால், சில நிமிடங்களில் தானே விரிந்துகொள்கிறது.

2014-இல் ஆய்வாளர் மோனிகா காக்லியானோ குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொட்டியில் வளர்த்த இந்தச் செடிகளைச் சிறிது உயரத்திலிருந்து மெத்தென்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். முதலில் சுருங்கின. அடிபடவில்லை என்று கண்டதும் சுருங்குவதை நிறுத்திக்கொண்டன. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அப்படியே இருந்தன. செடியே தெம்பு பெறுகிறது ஐயா, பிள்ளை பெறாதா?

மென்மைக்கு நம் வள்ளுவர் அனிச்சப் பூவைச் சொன்னார்.  விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறளை நினைத்துப் பாருங்கள். அனிச்சம் வாட, மோந்து பார்க்க வேண்டும். விருந்தாளி வாட, நம் முகம் கோணினாலே போதும். அங்கே அவர் விருந்தாளியைப் பார்த்து, 'இவ்வளவு மென்மை ஆகாதப்பா' என்று புத்தி சொன்னாரா? இல்லை! வீட்டுக்காரர் முகத்தைத்தான் திருத்தச் சொன்னார்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, நான் கேட்பது ஒன்றுதான். கூசுகிற பிள்ளைக்குப் பட்டம் கட்டிச் சபையில் சிரிக்காதீர்கள். தப்பாகச் சொன்னாலும் இங்கே யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்பதை ஒரு மாதம் நடந்து காட்டுங்கள். அந்தப் பிள்ளை இந்த ஒலிபெருக்கி முன் வந்து பேசட்டும். நான் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறேன்.