பூச்சியம் எடுத்தாலும் பயிற்சியை விடாதீர்கள்

(கண்டிப் பகுதித் தோட்ட இளைஞர் விளையாட்டுப் போட்டியின் பரிசளிப்பின்போது ஆற்றிய உரை)



பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டுக்கள். ஆனால் நான் இன்றைக்குப் பேச விரும்புவது பரிசு கிடைக்காத பிள்ளைகளோடுதான். முதல் பந்திலேயே அவுட்டான தம்பியும், மூன்று சர்வீஸையும் வலையிலே அடித்த தங்கையும் "இனி நமக்கு இந்த விளையாட்டே வேண்டாம்" என்று லயத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

எண்ணிக்கையின் பாரம் நமக்குப் புதிதல்ல. தராசுக்கு முன்னால் நிற்கிற தாய்மாருக்கு அது நன்றாகத் தெரியும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். வெயில் காலத்திலே கொழுந்து இல்லாமல் நிறை குறையும். அதற்காக அந்த அம்மாவுக்குக் கொழுந்தெடுக்கத் தெரியாமல் போய்விட்டதா? இல்லையே! அதே கைதான், அதே பழக்கம்தான். மழை வந்தால் கூடை நிறையும். விளையாட்டுக்காரருக்கும் இப்படி ஒரு வெயில் காலம் வருவதுண்டு.

மாவன் அத்தபத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டு இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியம். 1992இல் மறுபடி வாய்ப்பு வந்தது. ஒரு பூச்சியம், ஒரு ஓட்டம். 1994இல் மூன்றாவது வாய்ப்பிலும் இரண்டு பூச்சியம். ஆறு இன்னிங்ஸ் சேர்த்து மொத்தமே ஒரு ஓட்டம்! நம்மில் எத்தனை பேர் அதற்குப் பிறகும் துடுப்பைத் தொடுவோம்?

அவர் விடவில்லை. உள்ளூர்ப் போட்டிகளிலே ஓட்டம் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1997இல் திரும்ப அழைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரிலே முதல் சதம் அடித்தார். 1998 ஜனவரியிலே, இதே கண்டி அஸ்கிரிய மைதானத்தில், சிம்பாப்வேக்கு எதிராக 223 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டத்தை விட்டு ஓய்ந்தபோது அவர் கணக்கில் 16 சதங்கள் இருந்தன. அதிலே ஆறு இரட்டைச் சதம்.

அதே அஸ்கிரிய டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தவர் நம்ம கண்டிப் பிள்ளை முத்தையா முரளிதரன். அவருடைய தாத்தா 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். முரளி படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1995 டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்னில், ஆயிரக்கணக்கான மக்கள் பார்த்திருக்க, பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை நோபால் கொடுத்தார். பத்து நாள் கழித்து பிரிஸ்பேனிலும் அதே கதை. முழங்கையைப் பிறவியிலிருந்தே முழுதாக நீட்ட முடியாதவர் அவர் என்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. 1996 மார்ச்சிலே இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார்.

அவருக்கும் விக்கெட் விழாத இடம் ஒன்று உண்டு. அவுஸ்திரேலிய மண்ணில் ஐந்து டெஸ்டில் 12 விக்கெட்தான் எடுத்தார், ஒவ்வொன்றுக்கும் 75 ஓட்டம் கொடுத்து. ஆனாலும் அவர் பந்து போடுவதை நிறுத்தவில்லை.

2010 ஜூலையில், 792 விக்கெட்டோடு, "காலி டெஸ்டோடு விடைபெறுகிறேன்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் ஆட இறங்கினார். 800க்கு இன்னும் எட்டு வேண்டும். அவர் 799இல் நிற்க, இந்தியாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு விக்கெட். அதை வேறு யாராவது எடுத்திருக்கலாம், ரன் அவுட்டாகவும் போயிருக்கலாம். அது அவர் கையில் இல்லை. அடுத்த பந்தைச் சரியாகப் போடுவது மட்டுந்தான் அவர் கையில் இருந்தது. அதைச் செய்தார், 800 வந்தது. எல்லோருக்கும் இப்படி அமையாது. உலகின் மிகப் பெரிய துடுப்பாட்டக்காரர் பிராட்மன் 1948இல் தன் கடைசி டெஸ்டில் நாலு ஓட்டம் எடுத்திருந்தால் அவருடைய சராசரி 100. எடுத்ததோ பூச்சியம். அதனாலே அவர் பெருமை குறைந்ததா?

பிள்ளைகளே, இதிலிருந்து மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, காரணத்தைப் பாருங்கள். பயிற்சியாளரிடமோ மூத்த ஆட்டக்காரரிடமோ "அண்ணா, என் காலில் பிழையா, கையில் பிழையா?" என்று கேளுங்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். நல்ல பந்துக்கு அவுட்டானீர்களென்றால் திருத்த ஒன்றுமில்லை, மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆடும்போது ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த சங்கக்காரவுக்கு 2001 ஜனவரியில் 98, மார்ச்சில் அஸ்கிரியவிலேயே 95 என்று முதல் சதம் இரண்டு தடவை கை நழுவிப் போனது. ஆகஸ்டிலே காலியில் அது வந்தது. பிறகு மொத்தம் 38 சதம்! ஐம்பது வேண்டும், நூறு வேண்டும் என்று நினைக்காமல், வருகிற பந்தைப் பாருங்கள்.

மூன்றாவது, ஓட்டம் வராத வாரத்தில்தான் பயிற்சிக்கு ஒழுங்காக வரவேண்டும். நம்பிக்கை சும்மா உட்கார்ந்து யோசிப்பதால் வராது. நேற்று பிடிக்க முடியாத கேட்ச்சை இன்றைக்குப் பத்துத் தடவை பிடித்துப் பார்த்தால் தானாக வரும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டுக்குள் கால் வைக்கும்போதே "எத்தனை அடிச்சே?" என்று கேட்காதீங்க. "சாப்பிட்டியா, நாளைக்கும் பயிற்சி இருக்கா?" என்று கேளுங்க. 1999 ஜனவரியிலே அடிலெய்டில் முரளிக்கு மறுபடி நோபால் கொடுத்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியையே மைதான எல்லைக்கு அழைத்துப் போய் நின்றார். அவர் செய்த முறையைச் சரியென்றும் சொல்வார்கள், பிழையென்றும் சொல்வார்கள். ஆனால் தனக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்பது முரளிக்குத் தெரிந்தது. உங்கள் பிள்ளைக்கு அந்த ஆள் நீங்கள்தான்.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். வெறுங்குச்சியாகத்தான் நிற்கும். புதிதாகப் பார்க்கிறவன் செடி செத்துவிட்டது என்பான். நமக்குத் தெரியும், வேர் உள்ளே இருக்கிறது. சில மாதத்தில் துளிர்க்கும். உங்கள் பிள்ளைகளின் திறமையும் அப்படித்தான்.

அடுத்த போட்டியிலும் இன்றைக்குத் தோற்றவர்கள் அத்தனை பேரையும் இந்த மைதானத்திலே பார்க்க வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.