ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"சார், இந்தத் தடவை நீங்க பேசுங்க, ஆனா ஃபிக்சட் டெபாசிட் வேண்டாம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே பாட்டுக் கேட்கிற சமாச்சாரம்.

நம் குடியிருப்பில் எனக்குத் தெரிந்தே நான்கு வீடுகளில் இடுப்பளவு உயரத்தில், தரையில் நிற்கிற ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறது. அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்று வந்த பணத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா என்று கேட்டார். கையிலுள்ள ஐம்பது வாட் போதவில்லை, கடைக்காரர் இருநூறு வாட் வேண்டும் என்கிறாராம்.

வாட் என்பது ஓவர்டிராஃப்ட் லிமிட் மாதிரி. லிமிட் ஐந்து லட்சம் என்றால் தினமும் ஐந்து லட்சமா எடுக்கிறோம்? உங்கள் ஸ்பீக்கரின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 87 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். நம் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து கேட்க ஒரு வாட்டே தாராளம். ஆனால் திடீரென்று ஒரு தவில் அடி விழும்போது அந்தக் கணத்துக்கு மட்டும் முப்பது, நாற்பது வாட் தேவைப்படலாம். லிமிட் அதற்குத்தான். லிமிட்டைத் தாண்டிய செக்கை வங்கி திருப்பி அனுப்பும். ஆம்ப்ளிஃபயர் அலையின் தலையை வெட்டிவிடும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். இது தொடர்ந்தால் கருகுவது மேலே இருக்கிற சின்ன ட்வீட்டர்.

ஆடி மாதம் நம் கோவில்பதாகைப் பக்கம் கூழ் ஊற்றும்போது கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். சின்ன ஆம்ப்ளிஃபயர்தான், தெருவே அதிரும். குழாய் வடிவத்தால் அதன் டெசிபல் எண் நூறைத் தாண்டிவிடும். பத்து டெசிபல் கூடுவதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 87க்கும் 107க்கும் இடையே இருபது டெசிபல், அதாவது நூறு மடங்கு. நம்மவர் ஐம்பதிலிருந்து இருநூறுக்குப் போனால் கிடைப்பது ஆறே டெசிபல். அதுவும் முழு சத்தத்தில் வைத்தால்தான்.

(ஒரு காலத்தில் டூ-இன்-ஒன் அட்டைப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் என்று அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை யாரும் நம்பவேண்டாம். ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.)

சீட்டில் உள்ள இன்னொரு எண் ஓம். இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எட்டு ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா சுருதிக்கும் எட்டாக இருக்காது. பெரிய ஸ்பீக்கர்கள் பல, பேஸ் வருகிற இடத்தில் நான்குக்கோ அதற்கும் கீழேயோ இறங்கும். காலை ஏழு மணிக்கு நம் பிளாக்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கிற மாதிரி. தொட்டியும் பைப்பும் சரியாக இருந்தால் தண்ணீர் குறையாது, இல்லையென்றால் மூன்றாம் மாடியில் சொட்டும். ஆகவே ஆம்ப்ளிஃபயரின் விவரத்தாளில் எட்டு ஓமுக்கு எவ்வளவு, நான்குக்கு எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். எட்டில் ஐம்பது, நான்கில் எண்பது, தொண்ணூறு என்றால் உள்ளே நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. நான்கைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் பெரிய ஸ்பீக்கருக்கு அது வேண்டாம்.

என் வீட்டு ஸ்பீக்கரில் மூன்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், மகனின் ஹோம் தியேட்டர் ரிசீவர், நண்பரிடம் இரவல் வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர். கேட்டது இளையராஜாவின் 1986ஆம் வருட 'ஹவ் டு நேம் இட்'. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. வால்வு மட்டும் தனியாகத் தெரிந்தது. வயலின் அழகு, பேஸ் கிடார் கொழகொழ. மாயம் ஒன்றுமில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள் எதிர்ப்பு பொதுவாக அதிகம். ஸ்பீக்கரின் ஓம் ஏறுகிற இடத்தில் சத்தமும் சற்று ஏறும், இறங்குகிற இடத்தில் இறங்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்று மட்டும், ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை 1987 ஜனவரி இதழில் இதே சோதனையை வெளியிட்டது. இருநூறு சொச்சம் டாலரிலிருந்து பன்னிரண்டாயிரம் டாலர் வரை ஆறு ஆம்ப்ளிஃபயர்கள். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டவர்களால் நம்பகமாக அடையாளம் காட்ட முடியவில்லை. அதில் சத்தத்தைச் சமமாக வைத்திருந்தார்கள். நீங்களும் அப்படித்தான் வைக்கவேண்டும், ஏனென்றால் ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது "இதுதான் உசத்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிடும். போனில் சத்தம் அளக்கிற ஆப் இருக்கிறது. பேரனை வயர் மாற்றச் சொல்லிவிட்டு நீங்கள் திரும்பி உட்காருங்கள். மாற்றும்போது கட்டாயம் பவரை அணைக்கவேண்டும்.

கேட்ட நண்பருக்கு என் பதில்: இருக்கிற ஐம்பது வாட் நான்கு ஓமைத் தாங்குமானால் பணத்தை எடுக்காதீர்கள். முதலில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி முன்னால் வையுங்கள். சுவரும் மூலையும் பேஸை ஊதிப் பெருக்கும், அதனால்தான் பாடகர் குரல் அமுங்குகிறது. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும், ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு சேரட்டும். ஒரு பக்கம் மாறினால் பேஸே காணாமல் போகும்.

ஸ்பீக்கரின் கீழே கனமான ரப்பர் மேட் போடுங்கள். ஆணிக்கால் இருந்தால் அதிர்வு நேராகக் கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. நம் தளத்தில் ஒரு வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள், ஆகவே எட்டு மணிக்கே நான் நிறுத்திவிடுகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு உங்கள் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வரலாம். காபி உண்டு.